வில்லின் மேல் ஒரு பச்சைப் புள்ளி

வில்லும் அம்பும் புராணப் படங்களிலும் நவராத்திரிக் கொலுவிலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணும் நேயர்கள், அமெரிக்க தேசத்து வேட்டைச் சாமான் கடை ஒன்றின் விலைப்பட்டியலை ஒரு முறை புரட்டிப் பார்க்கவேண்டும். பக்கம் பக்கமாக வில்லும் நாணும் அம்பு முனையும் காணப்படும்; அவற்றுக்குச் சளைக்காமல் பக்கம் பக்கமாகக் குறிகாட்டிகளும் காணப்படும். குறிகாட்டி என்பது வில்லின் பிடிக்குச் சற்று மேலே திருகாணியால் பொருத்தும் ஒரு சிறு அலுமினியச் சட்டம். சட்டத்தின் முனையில் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முட்கள், அல்லது ஐந்து. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி மின்னும். பாட்டரி கிடையாது, பல்பு கிடையாது, ஆயினும் புள்ளி மின்னுகிறது. இதுவே ஒளியிழைக் குறிகாட்டி. விலை சில பத்து டாலரில் தொடங்கிச் சில நூறு டாலர் வரையில் ஏறுகிறது. விளம்பரங்களோ பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. மற்றவர் புள்ளியைக் காட்டிலும் எங்கள் புள்ளி பிரகாசமானது என்பதே அந்தப் பல்லவி.

பிரகாசம் நல்லதுதான். ஆனால் குறி பார்க்கும் கருவிக்கு அது முதல் குணமா, மூன்றாவது குணமா என்பதே இந்த வாரம் நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம். இது வெறும் பணப்பையைப் பற்றிய விசாரணை அன்று. பந்தயத்தில் இக்கருவி ஏமாற்றினால் இரண்டு புள்ளிகள் குறையும்; அதோடு போயிற்று. வேட்டையில் ஏமாற்றினாலோ, வயிற்றில் அம்பு தைத்த மான் ஒன்று காட்டுக்குள் ஓடிப்போய்ப் பல மணி நேரம் துடித்துச் சாகும். எய்தவன் கண்ணில் அது படாமலே போனாலும் போகலாம்.

வேட்டை என்றதும் நேயர்கள் புருவத்தை உயர்த்தவேண்டாம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு மிருகங்களை வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டது. இங்கிலாந்திலும் வில் கொண்டு மிருகங்களைக் கொல்லச் சட்டம் இடந்தருவதில்லை. அமெரிக்காவிலோ மாகாணங்கள் அநுமதிச் சீட்டுக் கொடுத்து, பருவமும் நேரமும் குறித்து, வில் வேட்டையை நடத்திவருகின்றன. ஆகவே இங்கே வேட்டையைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தத் தேசத்து நடப்பு என்று கொள்க. பந்தய வில்வித்தையைப் பற்றிச் சொல்வது நமக்கும் உரியது.

முதலில் அந்தப் புள்ளிக்கு ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தந்தி, டெலிபோன் செய்திகளைச் சுமக்கும் கண்ணாடி இழையைப் பற்றி அனைவரும் அறிவர். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் உழைத்து, கற்றையாகக் கட்டிய கண்ணாடி இழைகளின் வழியே உருவத்தையே அனுப்பலாம் என்று 1954-ல் எழுதிக் காட்டினார். அந்த இழையில் ஒளி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும். குறிகாட்டியின் இழையும் தூரத்து உறவுதான். ஆனால் அது வாங்கும் ஒளி முனை வழியாக வருவதன்று. பிளாஸ்டிக் இழைக்குள்ளே ஒருவிதச் சாயம் கலந்திருக்கிறது. இழையின் பக்கவாட்டில் எங்கெல்லாம் வெளிச்சம் விழுகிறதோ அங்கெல்லாம் சாயம் அதை விழுங்கி, தன் சொந்த நிறத்தில் திரும்ப உமிழ்கிறது. உமிழ்ந்த ஒளியில் ஒரு பகுதி இழையின் சுவர்களில் மோதி மோதி, வெளியேற வழியின்றி, முனைக்கு வந்து சேருகிறது. நீண்ட இழையில் விழுந்த ஒளி ஊசிமுனையளவு இடத்தில் கூடுவதால் அது மின்னுகிறது. சிக்கனமான குடும்பத்தில் காலணாக் காலணாவாகச் சேர்ந்து பண்டிகை நாளில் பட்டுப்புடவை ஆவது போலத்தான். இழையை நீளமாக விட்டு வளையத்தைச் சுற்றிச் சுருட்டி வைக்கும் தந்திரமும் இதனால் உண்டாயிற்று.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். புள்ளியின் பிரகாசம் வில்லாளி நிற்கும் இடத்து வெளிச்சத்தைப் பொறுத்தது; மான் நிற்கும் இடத்து வெளிச்சத்தைப் பொறுத்ததன்று. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அடர்ந்த மரத்தில் பரண் கட்டி வேட்டைக்காரன் நிழலில் இருக்கிறான். மான் வெயில் விழுந்த புல்வெளியில் நிற்கிறது. அப்போது பளீரென்ற புல்லின் மேல் அந்தப் புள்ளி செத்த மின்மினி போல் மங்கிக் கிடக்கும். நிலைமையை மாற்றுங்கள்: அவன் வெயிலில், மான் புதர் நிழலில். அப்போது புள்ளி ஒளிவட்டம் கட்டிக்கொண்டு வீங்கி, நிழலிலுள்ள உருவத்தையே விழுங்கிவிடும். இரண்டாவது சங்கடத்துக்குப் பிரகாசமான கருவியே அதிகக் குற்றவாளி. ஆகையால் வெளிச்சத்தைக் கூட்டும் உபாயத்தைவிட, குறைக்கும் உபாயம் இருக்கிறதா என்று கேட்பவரே விவரமறிந்தவர். சுருட்டிய இழையின் மேல் திருப்பி மூடக்கூடிய ஒரு மூடி இருந்தால் போதும். அது கிடைக்காவிட்டால் கறுப்புத் துணிநாடாவை ஒட்டிக்கொள்வோரும் உண்டு.

இனி, முட்கள் ஐந்து எதற்கு? அம்பு துப்பாக்கிக் குண்டு அன்று. அது விழுந்துகொண்டே போகிறது. மிஸௌரி மாகாணத்து ஆலன் என்பவர் 1969-ல் உரிமை பெற்ற காம்பவுண்டு வில்லில், இரு முனைகளிலும் உருளை பொருத்தி, முழுக்க இழுத்தபின் கையில் தங்கும் பாரத்தைக் குறைத்துவிட்டார். நிதானமாகக் குறி பார்க்க அவகாசம் கிடைத்தது. அம்பின் வேகமும் கூடிற்று. அப்படிப்பட்ட வில்லிலிருந்து வினாடிக்கு 280 அடி வேகத்தில் ஓர் அம்பு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையைச் சேர்க்காமலே, அது 20 கஜத்தில் சுமார் 9 அங்குலம் தாழும். 30 கஜத்தில் 20 அங்குலம். 40 கஜத்தில் 35 அங்குலம். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு முள் வேண்டியிருப்பது இதனால்தான். மேல் முள் கிட்டத்துக்கு, கீழ் முள் தூரத்துக்கு.

கணக்கு இத்துடன் முடியவில்லை. மான் 40 கஜத்தில் நிற்க, வேட்டைக்காரன் அதை 30 கஜம் என்று மதித்து அந்த முள்ளை வைத்து எய்தால், அம்பு ஏறக்குறைய 8 அங்குலம் கீழே போய்விடும். அந்நாட்டு வெள்ளைவால் மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலந்தான். 8 முதல் 10 அங்குலம். தட்டின் நடுவே குறி வைத்தவனுடைய அம்பு தட்டை விட்டே வெளியேறிவிடுகிறது. மார்புக்குக் கீழே வெட்டவெளியில் போனால் மானின் அதிர்ஷ்டம். முன்னங்காலில் தைத்தால் அதன் துரதிர்ஷ்டம். புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் இந்தத் தவற்றை ஓர் அங்குலங்கூடத் திருத்தாது. தெளிவாகத் தெரியும் புள்ளி தெளிவாகத் தவறான இடத்தைக் காட்டும், அவ்வளவே. தூரத்தை அளப்பது கண்ணின் வேலை, அல்லது தனியே ஒரு தூரமானியின் வேலை.

அதோடு முட்கள் பெருகப் பெருக வேறொரு ஆபத்தும் சேர்கிறது. மேற்சொன்ன வேகமுள்ள வில்லில் 20 கஜத்து முள்ளுக்கும் 30 கஜத்து முள்ளுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவுதான். ஐந்து புள்ளிகள் நெருங்கி நின்று மின்னும்போது, நெஞ்சு படபடக்க மானைப் பார்த்துக்கொண்டிருப்பவன் இரண்டாவதை மூன்றாவது என்று எண்ணுவது அதிசயமன்று. நிறங்களை மாற்றி மாற்றி வைத்திருப்பதாகக் கடைக்காரர் சமாதானம் சொல்வார். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறையுள்ளவர்கள். அவர்களுக்கு அந்தச் சமாதானம் உதவாது. மரத்தின் மேலிருந்து எய்யும் வேட்டைக்காரர்களுக்கு 20, 30 கஜத்துக்குள்ளேயே காரியம் முடிந்துவிடுவதால், மூன்று முட்கள் தாராளம் என்பது நமது அபிப்பிராயம். ஐந்தாவது முள் இருந்தால் அதை உபயோகித்துப் பார்க்கும் சபலமும் உண்டாகும்.

புள்ளியின் பருமன் அடுத்த விஷயம். இதை விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். நாமோ இதைத்தான் பெரிய எழுத்தில் போடுவோம். சாதாரணமாக மூன்று அளவுகள் வழக்கிலிருக்கின்றன: அங்குலத்தில் 0.010, 0.019, 0.029. தலைமயிருக்கும் தையல் நூலுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தோன்றும். இதனால் என்ன என்றும் தோன்றும். கண்ணிலிருந்து 30 அங்குலத்தில் இருக்கும் முள், 40 கஜத்துக்கு அப்பால் எவ்வளவு இடத்தை மறைக்கிறது என்று பெருக்கிப் பாருங்கள். மெல்லியது அரை அங்குலத்துக்குக் குறைவாக மறைக்கும். நடுத்தரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பருத்தது ஓர் அங்குலத்துக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை. இது இழையின் கணக்கு மாத்திரம். வெயிலில் அது கட்டும் ஒளிவட்டத்தையும் சேர்த்தால் மறைப்பு இன்னும் பெருகும். மெல்லியதே சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. மெல்லிய முனை வெளிவிடும் ஒளி கொஞ்சம். வெளிச்சம் மங்கும்போது அதுவே முதலில் மறையும். பருத்தது கடைசி வரையில் தெரியும், ஆனால் பார்க்கவேண்டியதை மறைக்கும். வேட்டைக்கு 0.019-ம், பந்தயத்துக்கு 0.010-ம் என்று அநுபவசாலிகள் பெரும்பாலும் கொள்வதில் நியாயம் இருக்கிறது.

வெளிச்சம் மங்குவதைச் சொன்னோம். இந்தக் கருவியின் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது. மான்கள் மேய வெளிவருவது விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும். அமெரிக்காவில் பல மாகாணங்கள் சூரியோதயத்துக்கு அரைமணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின் வரையில் எய்ய அநுமதிக்கின்றன. நண்பகலில் ஜொலிக்கும் இழை அந்தக் கடைசி அரைமணியில், அதுவும் மர நிழலில், சோர்ந்துவிடுகிறது. அதிகமாக வேண்டிய நேரத்தில் குறைவாகக் கொடுக்கிறது. நிறமும் இதில் விளையாடுகிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப் போகிறது. பச்சையும் நீலமும் பின்னும் சிறிது நேரம் நிற்கின்றன. தோட்டத்தில் செம்பருத்திப் பூ கருத்த பிறகும் இலை வெளிறித் தெரிவதை மாலையில் யாரும் காணலாம். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்ஜே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார். ஆகையால் அதிகமாக உபயோகப்படும் முள் பச்சையாயிருப்பதே உசிதம்.

இந்தக் குறைக்கு மருந்தாக, ஊதா ஒளி வீசும் சிறு விளக்கு ஒன்றைப் பாட்டரியுடன் வளையத்தில் திருகி வைக்கிறார்கள். சாயம் அந்த ஒளியை வாங்கிச் சுடர் விடுகிறது. ஆனால் சில மாகாணங்களில் வில்லின் மேல் மின்சாரக் கருவி எதையும் சட்டம் ஒப்புவதில்லை, வாங்குமுன் விசாரித்துக்கொள்ளவேண்டும். சட்டம் ஒப்பினாலுங்கூட, இருட்டில் சுடர்விடும் ஐந்து புள்ளிகளைப் பார்த்த கண்ணுக்கு அப்பாலிருக்கும் மான் தெரியாது. புள்ளி தெரிகிறது, மானின் தோள் எங்கே என்று தெரியவில்லை என்ற நிலையில் எய்கிறவனை என்னவென்று சொல்வது? விளக்கில்லாத இழை மங்கி மறையும்போது, கையிலிருக்கும் வில்லைக் கீழே வைக்க நேரமாயிற்று என்று ஒரு விதத்தில் அறிவிக்கிறது. விளக்கு அந்த அறிவிப்பை வாயடைத்துவிடுகிறது. அதற்கு நாம் பணம் கொடுக்கமாட்டோம்.

இங்கே நாணின் துளையையும் மறக்கலாகாது. காம்பவுண்டு வில்லாளிகள் நாணில் ஒரு சிறு துளை வளையத்தைப் பதித்து, அதன் வழியே குறிகாட்டியின் வளையத்தைப் பார்க்கிறார்கள். இரு வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தினால் கண் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். துளை மிகச் சிறிதானால் அந்தியில் கண்ணுக்கு வரும் வெளிச்சமே குறைந்துபோகிறது. இழை மங்கலென்று பழி சுமத்திப் புதிய குறிகாட்டி வாங்குவோரில் பலர், அற்ப விலையில் துளையை மாத்திரம் பெரிதாக்கிக்கொண்டிருக்கலாம்.

பந்தயக் களத்தின் தேவை வேறு. அங்கே தூரம் அளந்து வைக்கப்பட்டது. ஆகவே ஒரே புள்ளி போதும். உலக வில்வித்தைச் சங்கத்தின் விதிப்படி ரிகர்வ் வில்லாளி 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் வட்டத்தின் மேல் எய்கிறார். அவருக்கு லென்ஸ் கூடாது, ரசமட்டம் கூடாது, நாணில் துளை கூடாது, மின்சாரம் கூடாது. ஒளியிழை மாத்திரம் கூடும். அதுவும் கண்ணின் பார்வையில் படும் பகுதி 2 சென்டிமீட்டருக்கு மேல் போகாமலும், ஒரே புள்ளியாகவும் இருக்கவேண்டும். காம்பவுண்டு வில்லாளிக்கு லென்ஸும் ரசமட்டமும் உண்டு. அவர் 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் வட்டத்தை நோக்குகிறார். பத்துப் புள்ளி தரும் மஞ்சள் வளையம் 8 சென்டிமீட்டர். அதன் உள்வட்டம் 4 சென்டிமீட்டர். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் 0.029 இழை அங்கே கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டரை மறைக்கும். உள்வட்டம் முழுவதும் புள்ளிக்குப் பின்னால் போய்விடுகிறது! 0.010 இழையோ 2 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. மேலும், மஞ்சள் மேல் மஞ்சள் இழை வைப்பவர் தம் புள்ளியைத் தாமே தேடவேண்டியிருக்கும். நம் நாட்டு ஜோதி சுரேகா வெண்ணம், ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 2023-ல் காம்பவுண்டு வில்லால் மூன்று தங்கப் பதக்கம் வென்றார். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்த வில்லுக்குக் கலப்பு இரட்டையர் பந்தயம் முதன்முறையாக வருகிறது. ஆகவே பயிற்சிக் களங்களில் இளைஞர்கள் இக்கருவியை வாங்கும் காலம் இது.

துரோணர் மரக்கிளையில் பறவை பொம்மையை வைத்துச் சிஷ்யர்களைப் பரீட்சை செய்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். மற்றவர்கள் மரத்தையும் கிளையையும் அண்ணன் தம்பிகளையும் கண்டார்கள். அர்ஜுனன் பறவையின் தலையை மாத்திரம் கண்டான். இன்றைய வில்லாளியை அதே கேள்வி கேட்டால், பச்சைப் புள்ளி தெரிகிறது என்று சொல்லக்கூடும். துரோணர் அவனையும் விலகி நிற்கச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறோம். கண் ஒரே சமயத்தில் கிட்டத்தையும் தூரத்தையும் கூர்மையாகக் காண இயலாது. கூர்மை இலக்குக்கு, புள்ளி சற்றுக் கலங்கலாகத் தெரிந்தால் போதும். மிதமிஞ்சிய பிரகாசம் கண்ணைத் தன்பால் இழுத்து இந்த ஒழுங்கைக் கெடுக்கிறது. 1911-ல் கலிபோர்னியாவில் தன் இனத்தின் கடைசி மனிதனாக வெளிப்பட்ட இஷி என்னும் செவ்விந்தியன், டாக்டர் ஸாக்ஸ்டன் போப் என்பவருக்கு வில்வித்தை கற்பித்தான். அந்நாட்டில் வில் வேட்டை புத்துயிர் பெற்றதற்கு அது ஒரு முக்கிய காரணம். இஷியின் வில்லில் முள்ளும் இல்லை, வளையமும் இல்லை.

இனி உறுதியைப் பற்றி. ஒவ்வோர் அம்பும் புறப்படும்போது வில் அதிர்கிறது. ஆயிரம் அதிர்ச்சிக்குப் பின்னும் முள் இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கடையிலே வளையத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முள்ளையும் விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் கண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். இழை முழுவதும் உலோகக் காப்புக்குள் ஓடுகிறதா, அல்லது முள்ளுக்கு வெளியே நிர்க்கதியாய்த் தொங்குகிறதா என்று பாருங்கள்; தொங்கும் இழை முதல் புதரிலேயே அறுந்துவிடும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்பது வில் சாயாமலிருப்பதற்குச் சாட்சி. ஆனால் மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போதும் அது உண்மை சொல்லவேண்டுமானால், வளையத்தை முன்பின்னாகத் திருப்பிச் சரிசெய்யும் வசதி வேண்டும். மலிவான கருவிகள் பலவற்றில் அது கிடையாது. சமவெளியில் எய்பவருக்கு அதனால் குறையொன்றுமில்லை.

பொருத்தியபின் சரிப்படுத்தும் விதி எளிது. அம்பு இடப்புறம் போனால் முள்ளை இடப்புறம் நகர்த்துக. கீழே போனால் கீழே நகர்த்துக. புதியவர்கள் அனைவருக்கும் நேர்மாறாகச் செய்யத் தோன்றும். 20 கஜத்தில் தொடங்கி, மூன்று மூன்று அம்புகளாக எய்து, மூன்றும் விழுந்த இடத்தின் நடுவைக் கொண்டே நகர்த்தவேண்டும். ஓர் அம்பை நம்பித் திருகாணியைத் தொடலாகாது. முடிந்ததும் ஆலன் சாவியால் இறுக்கி, சட்டத்தில் முள்ளின் நிலையை மைக்கோடு போட்டு வைத்தால், பின்னால் நழுவினாலும் தெரியும்.

இழை அறுந்தால் பயப்படவேண்டியதில்லை. புதிய துண்டை முள்ளுக்குள் செலுத்தி, முனையை நெருப்புக்குக் கிட்டக் காட்டினால், தொடாமலே அது உருகிச் சிறு குமிழாகத் திரளும். அந்தக் குமிழே இழை வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். உபரி இழை ஒரு முழம் வாங்கி வைப்பது நல்லது. வெயிலில் கிடக்கக் கிடக்கச் சாயம் வெளுக்குமாகையால், வில்லை உறையில் இட்டு வைக்கவேண்டும். கொசுவுக்குப் பூசும் டீட் என்னும் தைலம் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கக்கூடியது. அதைப் பூசிய கையைத் துடைத்துவிட்டே குறிகாட்டியைத் தொடவேண்டும்.